புள்ளி வைத்தோம் திரையிலே!

பழைய மாணவியர் நால்வர்

எந்தச் செயலுக்கும் காலம் பார்க்க வேண்டும். இடமும் பார்க்க வேண்டும். திருவள்ளுவப் பெருந்தகை காலமறிதலுக்கு ஓர் அதிகாரம் வைத்து, அதை அடுத்து இடனறிதலுக்கும் ஓர் அதிகாரம் வைத்தார். அவர் அரசர்களுக்குச் சொன்ன அந்தப் பாடத்தை நாங்கள் ஒரே ஆண்டில் இரண்டு இடங்களில் கற்றோம். ஒன்று நம் பள்ளியின் கம்ப்யூட்டர் அறை. மற்றொன்று ஸ்ரீரங்கம் கீழச் சித்திரை வீதியில் ஒரு வீட்டுத் திண்ணை. இன்றைய மாணவியருக்கு அந்தக் கதையைச் சொல்லவே இந்தக் கட்டுரையை எழுதுகிறோம்.

1990-91ஆம் கல்வியாண்டில் நாங்கள் ஒன்பதாம் வகுப்பு மாணவியர். எங்களில் ஒருத்தி பாலக்கரை, ஒருத்தி உறையூர், ஒருத்தி பீமநகர், ஒருத்தி ஸ்ரீரங்கம். பள்ளியில் இருந்தவை இரண்டே கணிப்பொறிகள். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, கோயிலுக்குள் போவது போல் ஓசையின்றி உள்ளே போவோம். கறுப்புத் திரையில் பச்சை எழுத்துகள் ஒளிரும். ஓர் இயந்திரத்திற்கு நான்கு பேர். வாரத்திற்கு இருபது நிமிடங்கள். ஒருத்தி தட்டுவாள், ஒருத்தி வாசிப்பாள், ஒருத்தி திரையைப் பார்ப்பாள், ஒருத்தி கடிகாரத்தைப் பார்ப்பாள். அடுத்த வாரம் வேலைகள் மாறும்.

கற்ற மொழியின் பெயர் பேசிக். ‘பெயர்தான் பேசிக்; ஆனால் நாம் எழுதிக் கொடுக்காமல் ஒரு வார்த்தை பேசாது’ என்று எங்கள் வகுப்பில் ஒரு வேடிக்கை உண்டு. அமெரிக்காவில் டார்ட்மவுத் கல்லூரியில் ஜான் கெமனி, தாமஸ் கர்ட்ஸ் என்னும் இரு கணிதப் பேராசிரியர்கள் இம்மொழியை உருவாக்கினார்கள். 1964 மே முதல் நாள் அதிகாலையில் முதல் நிரல் ஓடிற்று. விஞ்ஞானம் படிக்காத மாணவர்களும் கணிப்பொறியைப் பயன்படுத்த வேண்டும் என்பதே அவர்கள் நோக்கம்.

கம்ப்யூட்டர் பாடம் நடத்திய சிஸ்டர், முதல் வகுப்பிலேயே ஒரு கன்னியரின் கதையைச் சொன்னார். சிஸ்டர் மேரி கென்னத் கெல்லர் 1932இல் துறவு மடத்தில் சேர்ந்தவர். 1965இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் கணிப்பொறி இயலில் டாக்டர் பட்டம் பெற்றார். அந்நாட்டில் அத்துறையில் டாக்டர் பட்டம் பெற்ற முதல் பெண்மணி அவரே. பின்னர் கிளார்க் கல்லூரியில் கணிப்பொறித் துறைக்குத் தலைமை தாங்கினார். ‘கணிப்பொறி ஆண்பிள்ளைகள் சமாச்சாரம் என்று உங்களிடம் யாராவது சொன்னால், இந்தச் சிஸ்டரின் பெயரைச் சொல்லுங்கள்’ என்று எங்கள் சிஸ்டர் சொல்லிவிட்டுப் பாடத்தைத் தொடங்கினார்.

திரையில் கண் சிமிட்டிக்கொண்டே இருக்கும் சிறு கோட்டிற்குக் கர்சர் என்று பெயர். இலத்தீன் மொழியில் அச்சொல்லுக்கு ‘ஓடுபவர்’ என்று பொருள். அடுத்த எழுத்து எங்கே விழும் என்பதை அந்த ஓட்டக்காரர்தாம் காட்டுவார். நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் அவர் இடமிருந்து வலமாக ஓடுவார். வரி முடிந்ததும் அடுத்த வரிக்கு இறங்குவார். திரையின் அடியை எட்டியதும் எழுதியதெல்லாம் ஒரு வரி மேலே ஏறும். உச்சியில் இருந்த வரி மறைந்து போகும்.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது தெரியுமா? பேசிக் பிறந்த நாளில் அதற்குத் திரை கிடையாது. டெலிடைப் என்னும் தட்டச்சு இயந்திரத்தில், காகிதச் சுருளின் மேல்தான் விடைகள் அச்சாகும். காகிதம் முன்னே போகும், திரும்பி வராது. அத்தகைய காகிதத்திற்கு ஏற்ற ஆணை ‘டேப்’ என்பது. டேப் 30 என்றால் அந்த வரியிலேயே முப்பதாவது இடத்திற்கு நகரும். அந்த இடத்தை ஏற்கனவே தாண்டிவிட்டிருந்தால், நாங்கள் கற்ற பேசிக்கில் அது அடுத்த வரியின் முப்பதாவது இடத்திற்குப் போய் நிற்கும். மேலே ஏற அதற்கு வழியே இல்லை.

திரை வந்த பிறகு ஓட்டக்காரருக்குச் சிறகு முளைத்தது. நாங்கள் கற்ற பேசிக்கில் அதற்கான சொல் ‘லொகேட்’. லொகேட் 12, 40 என்று எழுதினால், கர்சர் பன்னிரண்டாவது வரியில் நாற்பதாவது கட்டத்தில் போய் நிற்கும். முதல் எண் வரி. இரண்டாவது எண் அந்த வரிக்குள் இடம். திரையில் 25 வரிகள். வரிக்கு 80 கட்டங்கள். இடது மேல் மூலை 1, 1. மொத்தம் 2000 கட்டங்கள். அத்தனைக்கும் விலாசம் உண்டு. இல்லாத விலாசத்தைச் சொன்னால், இருபத்தாறாவது வரி என்றால், இயந்திரம் மறுத்துப் பிழைச் செய்தி காட்டும்.

லொகேட்டுக்கு மூன்றாவதாகவும் ஓர் எண் கொடுக்கலாம். 1 என்றால் கர்சர் தெரியும். 0 என்றால் மறையும். கர்சர் இப்போது எங்கே இருக்கிறது என்று கேட்கவும் வழி உண்டு. வரியைச் சொல்லும் ஆணைக்கு ‘சி.எஸ்.ஆர்.லின்’ என்றும், வரிக்குள் இடத்தைச் சொல்லும் ஆணைக்கு ‘பாஸ்’ என்றும் பெயர். நிற்கும் இடத்தைக் கேட்டுக் குறித்துக்கொண்டு, வேறிடம் போய் வேலையை முடித்து, பழைய இடத்திற்கே திரும்பி வரலாம். பஸ்ஸில் இறங்கிப் போகுமுன் சீட்டில் கைக்குட்டை போட்டுவிட்டுப் போகிறோமே, அதே கதைதான்!

விலாசம் எழுதும் முறை மட்டும் இயந்திரத்துக்கு இயந்திரம் வேறு. 1984இல் மத்திய அரசு பள்ளிகளுக்காகத் தொடங்கிய ‘கிளாஸ்’ திட்டத்தில் பி.பி.சி. மைக்ரோ என்னும் பிரிட்டிஷ் இயந்திரங்கள் தரப்பட்டன. எங்களில் ஒருத்தியின் பெரியப்பா மகள் அதில் படித்தவர். அந்த அக்காவின் நோட்டில் பிரிண்ட் என்ற சொல்லுக்குப் பின் டேப் என்று போட்டு, இரண்டு எண்கள் எழுதியிருந்தன. அங்கே வரிக்குள் இடம் முதலில், வரி பிறகு. எண்ணிக்கையும் ஒன்றில் அல்ல, பூஜ்யத்தில் தொடங்கும். ஸ்பெக்ட்ரம் என்னும் இயந்திரத்தில் பிரிண்ட் அட் என்பார்கள். ஆப்பிளில் நெடுக்கைக்கு ஓர் ஆணை, கிடக்கைக்கு வேறோர் ஆணை. ஊருக்கு ஊர் வழக்கம் வேறாக இருந்தாலும், எல்லா ஊரிலும் கேட்கப்படும் கேள்வி ஒன்றுதான்: எங்கே?

சிஸ்டர் எங்களை விசைப்பலகையில் கை வைக்க உடனே விடவில்லை. ‘பிள்ளைகளா, முதலில் தாள்’ என்பார். வரைபடத் தாளில் 25 வரி, 80 கட்டம் கிழித்து, எதை எங்கே போடுவது என்று பென்சிலால் குறித்த பிறகே உள்ளே போக வேண்டும். இருபது நிமிடத்தில் யோசித்துக்கொண்டு உட்கார்ந்தால் பின்னால் நிற்கும் நால்வரின் நேரமும் போகும் அல்லவா? சில நுணுக்கங்களையும் அவர் சொல்லித் தந்தார். திரையின் அடி வரியில் எழுதும்போது பிரிண்ட் ஆணையின் கடைசியில் ஓர் அரைப்புள்ளியை வைக்க வேண்டும்; இல்லையேல் கர்சர் அடுத்த வரிக்கு இறங்கப் பார்க்கும், படம் முழுவதும் ஒரு வரி மேலே ஏறிவிடும். நீளமான பெயர் இருந்த இடத்தில் குட்டையான பெயரை எழுதினால் பழைய பெயரின் வால் அப்படியே நிற்கும். முதலில் வெற்றிடங்களால் துடைத்துவிட்டுப் பிறகு எழுத வேண்டும். கர்சர் எங்கே போகச் சொன்னாலும் போகும். அங்கே ஏற்கனவே இருந்ததை நம்மைக் கேளாமலே அழித்துவிடும்.

அந்த ஆண்டு கிறிஸ்துமஸுக்கு முன்பு நடக்கும் கண்காட்சிக்கு ஒவ்வொரு குழுவும் ஒரு நிரல் எழுத வேண்டும் என்று சிஸ்டர் அறிவித்தார். எங்கள் ஸ்ரீரங்கத்துத் தோழி உடனே சொன்னாள்: ‘எங்கள் பாட்டியின் கோலங்களைப் போடலாமா?’

அவள் அப்படிக் கேட்டதற்குக் காரணம் இருந்தது. அவள் பாட்டி அந்த ஆண்டு கோடையில் விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து, குனிய முடியாதவராகிவிட்டார். அறுபது வருடமாக மார்கழி தவறாமல் அந்த வாசலில் இழைத்த கோலங்கள் அவர் கையோடு நின்றுபோயின. பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது; ஆகையால் கோல நோட்டும் இல்லை. தோழியின் அம்மா வேலைக்குப் போகிறவர். நாலு புள்ளியோடு நிறுத்திக்கொள்வார். அடுத்த வருடம் குடும்பமே தில்லைநகரில் ஓர் அடுக்குமாடிக்குப் போவதாகவும் முடிவாகியிருந்தது. வாசலும் போய், வாசலை அறிந்தவரும் போய்விட்டால் அந்தக் கோலங்களை யாரிடம் கேட்பது?

சனிக்கிழமைதோறும் ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் ஏறிக் காவிரியைத் தாண்டி, மாம்பழச்சாலை வழியாக ஸ்ரீரங்கம் போனோம். முதல் நாள் பாட்டி எங்கள் பெயரைக் கேட்கவில்லை. ‘நீ எந்தத் தெரு? நீ எந்தத் தெரு?’ என்றுதான் ஒவ்வொருத்தியையும் கேட்டார். அன்றிலிருந்து கடைசிவரை எங்களுக்குப் பெயர் ‘பாலக்கரை’, ‘உறையூர்’, ‘பீமநகர்’ என்பதே. எங்களுக்கும் அது பிடித்துப் போயிற்று.

ஆனால் கோலத்தைக் கேட்டால் பாட்டியால் சொல்ல முடியவில்லை. ‘வாயால சொன்னா வராதுடி. கை போட்டாத்தான் வரும்’ என்றார். கையோ தரைக்கு எட்டவில்லை. அப்போது உறையூர்த் தோழி ஒரு வழி கண்டாள். திண்ணையில் பாட்டியின் முன் ஒரு பலகையை வைத்து, ஒரு கிண்ணம் நிறையப் புளியங்கொட்டையைக் கொடுத்தாள். பாட்டியின் விரல்கள் தாமாகவே வேலை செய்யத் தொடங்கின. கொட்டைகளே புள்ளிகள். நடுவிலே ஏழு, அதன் மேலும் கீழும் ஆறாறு, பிறகு ஐந்தைந்து, பிறகு நந்நான்கு. பிறகு சுட்டுவிரலைக் கொட்டைகளின் நடுவே ஓட்டிக் கோடு எங்கே போகிறது என்று காட்டினார். நாங்கள் வரைபடத் தாளில் குறித்தோம்.

‘ஏழு புள்ளி, இடைப்புள்ளி, நாலு வரைக்கும்’ என்றார் பாட்டி. வார இதழ்களின் கோலப் பக்கத்தில் அச்சாகும் அதே வாசகம். அந்த ஒரு வரிக்குள் எவ்வளவு அடங்கியிருக்கிறது! நடு வரியில் ஏழு, ஒவ்வொரு வரியிலும் ஒன்று குறையும், நான்கில் நிற்கும், ஒரு வரியின் புள்ளி அடுத்த வரியின் இரண்டு புள்ளிகளுக்கு இடையில் விழும். கூட்டினால் 4, 5, 6, 7, 6, 5, 4. ஆக 37 புள்ளிகளின் இடம் அந்த ஒரு வாசகத்தில் உள்ளது. நம் பாட்டிமார் நிரல் எழுதியிருக்கிறார்கள் என்று சொன்னால் அது மிகையாகாது.

இதை நாங்கள் மட்டும் சொல்லவில்லை. சென்னையில் கிஃப்ட் சிரோமணி, அவர் மனைவியார் ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகிய மூவரும் 1974ஆம் ஆண்டிலேயே கோலத்தையும் கணிப்பொறி இலக்கணத்தையும் இணைத்து ஓர் ஆய்வுக் கட்டுரையை வெளியிட்டிருக்கிறார்கள். வரிசை வரிசையாகக் குறிகளை அடுக்கிப் படம் உண்டாக்கும் விதிகளைப் பற்றியது அது. கிஃப்ட், ராணி இருவரும் தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரியில் பேராசிரியர்களாக இருந்தவர்கள். மூவரில் இருவர் பெண்மணிகள் என்பதைச் சிஸ்டர் கெல்லரின் பெயரோடு சேர்த்து நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனித் திரைக்கு வருவோம். எங்கள் கணக்கு இதுதான். நடு வரி, திரையின் பன்னிரண்டாவது வரி. நடுக் கட்டம் 40. பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளுக்கு இடையே நான்கு கட்டத் தூரம். வரிக்கும் வரிக்கும் இரண்டு வரித் தூரம். திரையின் ஒவ்வொரு கட்டமும் அகலத்தைக் காட்டிலும் ஏறக்குறைய இருமடங்கு உயரமானது. ஆகவே இரண்டு வரியும் நான்கு கட்டமும் கண்ணுக்கு ஒரே அளவாகத் தெரியும். ஒரு வரியில் எத்தனை புள்ளியோ அதில் ஒன்றைக் கழித்து, இரண்டால் பெருக்கி, 40லிருந்து கழித்தால் அந்த வரியின் முதல் புள்ளி கிடைக்கும். ஏழு புள்ளிக்கு 28, ஆறுக்கு 30, ஐந்துக்கு 32, நான்குக்கு 34. பாட்டி சொன்ன ‘இடைப்புள்ளி’ தானாகவே அமைந்துவிட்டது பாருங்கள்! புள்ளிக்கு 250ஆம் எண் எழுத்து. அது கட்டத்தின் நடுவே ஒரு பொட்டு.

கோடு இழுப்பதும் எளிதே. 12, 40இல் ஒரு புள்ளி. 14, 42இல் ஒரு புள்ளி. இரண்டுக்கும் நடுக் கட்டம் 13, 41. அங்கே ஒரு சாய்கோட்டை வைத்தால் இரண்டும் இணையும். மறுபக்கத்திற்கு எதிர்ச்சாய்வு. பக்கவாட்டில் இணைக்க நடுவிலுள்ள மூன்று கட்டங்களிலும் படுக்கைக் கோடு. நெளிந்து வளைந்து புள்ளிகளைச் சுற்றிவரும் சிக்குக் கோலங்கள் மட்டும் இதற்குள் அடங்கவில்லை. கட்டத்துக்குக் கட்டம் தாவும் கர்சருக்கு வளைவு தெரியாது. பாட்டி தந்த 23 கோலங்களில் ஒன்பதுதான் திரைக்குப் போயின. மற்றவை நோட்டிலேயே நின்றன.

பாட்டி போடும் வரிசையிலேயே எங்கள் நிரலும் போட வேண்டும் என்று பீமநகர்த் தோழி பிடிவாதம் பிடித்தாள். பாட்டி ஒருநாளும் மேலிருந்து தொடங்கமாட்டார். நடு வரியை வைத்துவிட்டு, மேலே ஒன்று, கீழே ஒன்று என்று மாற்றி மாற்றிப் போவார். டெலிடைப் காகிதமாக இருந்தால் அது நடவாது. லொகேட் இருந்ததால் நடந்தது. கோலம் முடிந்தால் போதாது, அது எப்படிப் பிறக்கிறது என்பதும் தெரிய வேண்டும் அல்லவா? அதுவும் அந்த நிரலில் பதிவாயிற்று.

சிஸ்டர் அதைப் பார்த்துவிட்டு, ‘இதே புள்ளிகளில் பெத்லகேம் விண்மீன் வருமா?’ என்று கேட்டார். தாளை எடுத்துத் தேடினோம். வந்தது. நடு வரியில் மூன்று, அதன் மேலும் கீழும் நந்நான்கு, அவற்றுக்கு வெளியே ஒவ்வொன்று. மொத்தம் பதின்மூன்று புள்ளிகள். அந்த 37க்குள்ளேயே ஆறு முனை விண்மீன் ஒளிந்திருந்தது. நடு வரியில் 36, 40, 44. அடுத்த வரிகளில் 34, 38, 42, 46. உச்சியிலும் அடியிலும் 40. வேண்டியவர்கள் தாளில் வைத்துப் பாருங்கள்.

கண்காட்சியன்று பாட்டியை ஆட்டோவில் அழைத்து வந்தோம். நாற்காலியில் அமர்த்தி, அறையை இருட்டாக்கி, நிரலை ஓட்டினோம். நடு வரி வந்தது; மேலே ஒன்று, கீழே ஒன்று; பிறகு கோடுகள். பாட்டி பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். மடியில் அவர் விரல் மட்டும் அசைந்தது. ஒன்பதும் முடிந்ததும் சொன்னார்: ‘எல்லாம் சரியாத்தான் இருக்குடி. ஆனா எறும்புக்கு என்ன இருக்கு இதுலே?’

அறையில் இருந்த எல்லோரும் சிரித்துவிட்டோம். சிஸ்டரும் சிரித்தார். ஆனால் அந்தக் கேள்வி எங்களை விட்டுப் போகவில்லை. அரிசி மாவில் கோலம் போடுவது எறும்புக்கும் ஒரு வாய் உணவாகட்டும் என்பதற்காக. அதை இயந்திரத்தில் போட முடியாது. இயந்திரம் இடத்தைக் காக்கும். தர்மத்தைக் காப்பது நம் கையில்தான் இருக்கிறது.

அந்தக் குடும்பம் 1991இல் தில்லைநகருக்குக் குடி போயிற்று. பாட்டி 1994இல் இறைவனடி சேர்ந்தார். ஒன்பது கோலங்களும் இருந்த ஐந்தேகால் அங்குல ஃபிளாப்பி பூஞ்சை பிடித்துப்போயிற்று. அதை வாசிக்கும் இயந்திரமும் எங்களிடம் இல்லை. ஆனால் வரைபட நோட்டு இருக்கிறது. அதன் நகல்கள் எங்கள் நால்வர் வீட்டிலும் இருக்கின்றன. வரி எண்ணும் கட்ட எண்ணும் எழுதியிருப்பதால் எந்த நாட்டிலும் யாரும் போட்டுவிடலாம். இன்று எங்கள் ஸ்ரீரங்கத்துத் தோழி இருப்பது மேல்மாடி வீடு. அங்கும் மார்கழியில் வாசற்படிக்கு வெளியே ஓர் அடி இடத்தில் ஏழு புள்ளி விழுகிறது. அரிசி மாவில்தான்! பாலக்கரைத் தோழியின் வீட்டில் கிறிஸ்துமஸ் குடிலின் முன்னே பதின்மூன்று புள்ளி விண்மீன் உண்டு.

அன்புத் தங்கையரே! நீங்கள் இன்று கற்கும் மொழிகள் வேறு. லொகேட் என்ற சொல்லையே நீங்கள் கேட்டிருக்கமாட்டீர்கள். ஆனால் அந்தக் கேள்வி மாறவில்லை. 1978இல் வெளிவந்த வி.டி.-100 என்னும் திரை முனையம், வரி எண்ணும் கட்ட எண்ணும் கொடுத்துக் கர்சரை நகர்த்தும் குறியீடுகளை ஏற்றது. அவை இன்றைய கணிப்பொறிகளின் கறுப்புத் திரையிலும் அப்படியே வேலை செய்கின்றன. அலைபேசித் திரையில் ஒரு படத்தை வைப்பவரும் இடது மேல் மூலையிலிருந்து இவ்வளவு தூரம் என்றே பெரும்பாலும் கணக்கிடுகிறார். பழைய பேசிக்கைப் புதிய இயந்திரத்தில் ஓட்டும் மென்பொருள்களும் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆசை இருந்தால் எங்கள் 37 புள்ளிகளை நீங்களும் வைத்துப் பார்க்கலாம்.

அதைக் காட்டிலும் ஒன்று செய்யுங்கள். உங்கள் வீட்டிலும் கைக்குத் தெரிந்து, வாய்க்குத் தெரியாத வித்தை ஏதாவது இருக்கும். அப்பத்தா பின்னும் ஓலைப்பெட்டியாக இருக்கலாம். அம்மாச்சி தொடுக்கும் கதம்பமாக இருக்கலாம். நன்னி போடும் பூத்தையலாக இருக்கலாம். கட்டம் போட்ட நோட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்காருங்கள். எது முதலில், எது அடுத்து, எது எங்கே என்று பொறுமையாகக் கேட்டுக் குறியுங்கள். சொல்ல வராவிட்டால் ஒரு கிண்ணம் புளியங்கொட்டை கொடுங்கள். இடம் குறிக்கப்பட்ட வித்தை பேத்திக்குப் போய்ச் சேரும். அதற்கு விடுமுறை முடியும்வரை காத்திராமல், இந்தச் சனிக்கிழமையே தொடங்குங்கள்.